கார் ஆடியோ அக்ரிலிக் வேலை: கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

சப்வூஃபர் (பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) பெட்டிக்கு ஜன்னல், ஆம்ப்ளிஃபயருக்கு மூடி, கதவு ஸ்பீக்கரைத் தூக்கி நிறுத்த ஸ்பேசர் ரிங், டிக்கியில் எழுத்து ஒளிரும் பேனல். காருக்குள் அக்ரிலிக் (கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் ஷீட்) வேலை என்றால் பெரும்பாலும் இந்த நான்குதான். பழுதாகித் திரும்பி வருவதும் இவைதான். வந்தவுடன் எல்லாரும் சொல்வது ஒன்றே: "ஷீட் மட்டம்." மட்டமான ஷீட்டும் உண்டுதான். ஆனால் துளை, ஸ்க்ரூ, துடைத்த திரவம் இந்த மூன்றையும் பார்க்காமல் ஷீட்டின் மேல் பழி போடாதீர்கள். துளையிடும்போதோ முடுக்கும்போதோ உள்ளே ஏறிய இழுவிசை, கார் நாலு நாள் வெயிலில் நின்ற பிறகுதான் விரிசலாக வெளியே வரும்.

சோதிக்கும் முன் காரை நிழலில் நிறுத்தி உள்ளே ஆற விடுங்கள். சூடாக இருக்கும் பேனலில் ஸ்க்ரூ முடுக்குவதும் தளர்த்துவதும் தவறான முடிவுக்குத்தான் கொண்டுபோகும்.

## துளையிலிருந்து விரிசல் கிளம்புகிறது

அதிகம் வரும் கோளாறு இது. விரிசல் எப்படி ஓடுகிறது என்று முதலில் உற்றுப் பாருங்கள். காரணத்தில் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

### துளையைச் சுற்றி நட்சத்திரம் போலப் பிளந்திருந்தால்

ஸ்க்ரூவை அதிகமாக முடுக்கியிருக்கிறார்கள், அல்லது சிஎஸ்கே (கவுன்டர்சங்க்) ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். சிஎஸ்கே தலை கூம்பு வடிவம். முடுக்க முடுக்க அது துளையை அகட்டப் பார்க்கும். மரம் கொஞ்சம் நசுங்கி இடம் கொடுக்கும், அக்ரிலிக் கொடுக்காது. அதைக் கழற்றிவிட்டு, அடிப்பக்கம் தட்டையாக உள்ள தலையுடைய ஸ்க்ரூவை நைலான் வாஷர் வைத்துப் போடுங்கள். பேட்டரி டிரில்லால் முடுக்காதீர்கள், கையால் முடுக்குங்கள். வாஷர் சுற்றாமல் நின்றதும் நிறுத்திவிட வேண்டும்.

தட்டையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிஎஸ்கேதான் வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். அவர்களுக்கு என் பதில்: ஸ்க்ரூவுக்கு மேலே தனி டிரிம் ரிங் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள், கூம்புத் தலை வேண்டாம்.

### துளையிலிருந்து ஷீட்டின் ஓரம் வரை ஒரே கோடாக ஓடியிருந்தால்

துளை ஓரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. துளையின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது ஓரத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்க வேண்டும். 5 மி.மீ. துளை என்றால் 10 மி.மீ. ஸ்பேசர் ரிங்கில் இந்தத் தவறு சகஜம். ரிங்கின் அகலம் 20 மி.மீ.கூட இருக்காது. அதில் ஸ்பீக்கருக்கு நாலு துளை, கதவுத் தகட்டுக்கு நாலு துளை என்று நெருக்கி விடுவார்கள். ரிங்கை அகலமாக்கி மறுபடி வெட்டுவதுதான் தீர்வு, ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது. கதவு ஒவ்வொரு முறை அறையும்போதும் அந்த ரிங்தான் காந்தத்தின் எடையைத் தாங்க வேண்டும்.

### நீளமான பேனலில் கோடித் துளைகளில் மட்டும் விரிசல் வந்தால்

இது வெப்பத்தின் வேலை. அக்ரிலிக் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 0.07 மி.மீ. நீளும். 80 செ.மீ. பேனலை 25 டிகிரியில் முடுக்கி, கார் வெயிலில் நின்று 65 டிகிரி ஆனால், பேனல் 2 மி.மீ.க்கும் கொஞ்சம் மேலேயே நீண்டிருக்கும். அதன் பின்னால் இருக்கும் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையோ அந்த அளவுக்கு நீளாது. நீளவும் வழியில்லாமல் நகரவும் வழியில்லாமல் பேனல் துளையோரத்தில் கிழியும்.

பரிசோதனை எளிது. எல்லா ஸ்க்ரூவையும் அரைச் சுற்று தளர்த்தி, பேனலைப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். அசையவே இல்லையென்றால் துளைகள் இறுக்கம். நடுவில் ஒரு துளையை மட்டும் ஸ்க்ரூ அளவுக்கே விட்டுவிட்டு, மற்றவற்றை ஸ்க்ரூவைவிட 2 முதல் 3 மி.மீ. வரை பெரிதாக்குங்கள். கோடித் துளைகளை நீள்வட்டமாக்கினால் இன்னும் நல்லது. பெரிய வாஷர் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது.

### துளையைச் சுற்றி வலைபோல மெல்லிய கீற்றுகள் நிறைய இருந்தால்

இது முடுக்கியதால் வந்ததல்ல, ரசாயனம். ஸ்க்ரூ அதிர்ந்து கழலாமல் இருக்கப் போடும் தெரட்லாக் திரவம்தான் பெரும்பாலும் குற்றவாளி. உலோகத்துக்கு அருமையான சாமான், அக்ரிலிக்கில் பட்டால் அதை வெடிக்க வைக்கும். அதற்குப் பதில் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, தானாகக் கழலாத நட்) போடுங்கள். ஸ்க்ரூவில் ஒட்டியிருந்த எண்ணெய், பக்கத்தில் அழுந்திக் கிடக்கும் மெத்தென்ற பிவிசி வயர் உறை ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். வயரை நகர்த்துங்கள், ஸ்க்ரூவைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

### இது எதுவும் இல்லையென்றால்

துளையிட்ட விதத்தைப் பாருங்கள். விரிசல் இல்லாத ஒரு துளையின் உள்சுவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். வழவழப்பாகவோ சீரான மங்கலாகவோ இருந்தால் சரி. சில்லுசில்லாகப் பெயர்ந்திருந்தால், இரும்புக்கான சாதாரண டிரில் பிட்டால் அடித்திருக்கிறார்கள். அந்தப் பிட் வெளியே வரும் தருணத்தில் ஷீட்டைக் கவ்வி இழுக்கும். பிளாஸ்டிக்குக்கென்று தீட்டிய பிட்டோ படிப்படியான ஸ்டெப் பிட்டோ பயன்படுத்துங்கள். அடியில் மரக்கட்டை வைத்து, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு, மெதுவாக இறக்குங்கள்.

நிறமற்ற ஷீட்டாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. கம்ப்யூட்டர் மானிட்டரில் வெள்ளைத் திரை வைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, திரை கறுக்கும் வரை கண்ணாடியைச் சுழற்றுங்கள். பிறகு பேனலைத் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நீட்டுங்கள். இழுவிசை தங்கியிருக்கும் துளையைச் சுற்றி மட்டும் வெளிறிய திட்டுகள் தெரியும். மற்ற இடம் கறுப்பாகவே இருக்கும். எந்தத் துளை அடுத்து வெடிக்கும் என்று இப்படி முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம்.

விரிசல் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, மூடி அழகுக்கு மட்டும்தான் என்றால், விரிசலின் நுனியில் சரியாக 3 மி.மீ. துளை ஒன்று போட்டால் அது மேலே ஓடாமல் நிற்கும். எடை தாங்கும் துண்டு என்றால் இந்த வேலை வேண்டாம். மாற்றிவிடுங்கள்.

## வெட்டிய ஓரம் முழுக்க மயிரிழை வெடிப்பு

முதல் கேள்வி: எதைக் கொண்டு துடைத்தீர்கள்? ஸ்பிரிட், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர், இதில் எது என்றாலும் காரணம் கிடைத்துவிட்டது. மிதமான சோப்பு நீரும் மைக்ரோஃபைபர் துணியும் போதும்.

துடைக்கவே இல்லை, ஒட்டிய பிறகு வந்தது என்றால், அடுத்த கேள்வி: ஓரம் எப்படி முடிக்கப்பட்டது? லேசரில் வெட்டிய ஓரமும் தீ காட்டிப் பாலிஷ் செய்த ஓரமும் பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் மேல்தோல் உருகி உறைந்ததால் அங்கே இழுவிசை ஏறியிருக்கும். அதன்மேல் கரைப்பான் பசை (அக்ரிலிக்கையே கரைத்து ஒட்டும் திரவம்) பட்டவுடனோ, ஓரிரு நாள் கழித்தோ, வரிவரியாக வெடிக்கும். ஒட்ட வேண்டிய ஓரத்துக்குத் தீ காட்டவே கூடாது. லேசர் ஓரமாக இருந்தால் ஸ்கிராப்பரால் மெல்லிய ஒரு சுருள் சீவி எடுத்துவிட்டு ஒட்டுங்கள்.

இதற்கெல்லாம் மேலான தீர்வு, துண்டை அடுப்பில் (ஓவன்) சூடாக்கி ஆற்றுவது. 80 டிகிரி செல்சியஸில் குறைந்தது 2 மணி நேரம் வைக்க வேண்டும். கனம் கூடினால் நேரமும் கூடும், 12 மி.மீ. ஷீட்டுக்கு 4 மணி நேரம். பிறகு மணிக்கு 15 டிகிரிக்கு மேல் குறையாமல் மெதுவாக ஆற்ற வேண்டும். சூடு சீராக உள்ள தொழிற்கூட அடுப்பு இருக்கும் இடத்தில் கொடுத்துச் செய்யுங்கள். வீட்டு அடுப்பின் வெப்ப முள் காட்டுவதற்கும் உள்ளே நிற்கும் சூட்டுக்கும் உள்ள வித்தியாசமே போதும், பேனல் கோணிப்போக.

வெடிப்பு உள்ளே 1 மி.மீ.க்கு மேல் இறங்கிவிட்டால் பாலிஷ் போட்டு மறைக்க முடியாது. அந்த ஓரத்தை வெட்டி எடுத்துவிட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புதுத் துண்டு.

## ஒட்டிய இடம் வெளுத்திருக்கிறது, குமிழி தெரிகிறது, பிரிகிறது

ஒட்டைச் சுற்றி வெள்ளைப் பொடிபோலப் படிந்திருந்தால் சூப்பர் குளூ போட்டிருக்கிறார்கள். அதன் ஆவிதான் வெள்ளையாகப் படிகிறது. லேசாக இருந்தால் பிளாஸ்டிக் பாலிஷில் போகும். ஆனால் அந்த ஒட்டு கார் அதிர்வுக்கு நிற்காது, அதை நம்பி எதையும் தொங்கவிட வேண்டாம்.

ஒட்டுக்குள்ளேயே பால்போல வெளுத்திருந்தால் ஈரப்பதம். டைகுளோரோமீத்தேன், குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்கள் வேகமாக ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழை நாளில் ஒட்டியதா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். உலர்ந்த நாளில், அறையின் சூட்டிலேயே இருக்கும் துண்டுகளை எடுத்து, மெதுவாக ஆவியாகும் அக்ரிலிக் பசையால் ஒட்டுங்கள்.

குமிழிகள் வரிசையாக இருந்தால் ஓரம் மட்டமில்லை. ரம்பப் பல் விட்ட மேடுபள்ளத்தில் காற்று சிக்கியிருக்கிறது. ஒட்டும் முன் இரண்டு துண்டையும் பசையில்லாமல் சேர்த்து வைத்துப் பின்னால் விளக்கைப் பிடியுங்கள். வெளிச்சம் கசிந்தால் அங்கே குமிழி வரும். 320 நம்பர் வாட்டர் பேப்பரைத் தட்டையான கண்ணாடிமேல் வைத்து, ஓரத்தை அதன்மேல் நேராகத் தேய்த்து மட்டமாக்குங்கள். ஓரத்தின் முனைகளை உருட்டிவிடாதீர்கள், உருண்ட முனையில் பசை நிற்காது.

சில மணி நேரத்திலேயே பிரிந்தால் அவசரம். கை வைத்தால் பிடித்துக்கொண்டதுபோல் தெரிய நிமிடங்கள் போதும். பலம் ஏற ஒரு முழு நாள் வேண்டும். மேலும், பசை ஆவி முழுக்கப் போகும் முன் சப்வூஃபரைப் பெட்டியில் பூட்டினால், ஆவி உள்ளேயே அடைபட்டு ஸ்பீக்கர் கோனின் (முன்னால் அதிரும் கூம்புப் பகுதி) ஒட்டுகளைத் தொந்தரவு செய்யும்.

இந்தக் கரைப்பான்களை மூடிய அறையில் கையாளாதீர்கள். ஜன்னல் திறந்திருந்தால் மட்டும் போதாது, ஆவியை வெளியே தள்ளும் விசிறி வேண்டும். சாதாரண மருத்துவக் கையுறை வழியாக டைகுளோரோமீத்தேன் சீக்கிரமே ஊடுருவிவிடும். அந்த வசதி இல்லாதவர்கள் ஒட்டும் வேலையை மட்டும் அக்ரிலிக் கடையில் கொடுத்துவிடலாம், செலவு அதிகமில்லை.

## பெட்டி இரைகிறது, பாஸ் தளர்ந்துவிட்டது

அக்ரிலிக் ஜன்னல் வைத்த பெட்டியில் சத்தம் வந்தால் எல்லாருடைய கையும் ஜன்னலுக்குத்தான் போகும். முதலில் காரைச் சோதியுங்கள். 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டெஸ்ட் டோனைப் போட்டு, ஒருவர் உள்ளே உட்கார, இன்னொருவர் நம்பர் பிளேட், டிக்கி மூடி, உள் டிரிம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்த வேண்டும். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள். நம்பர் பிளேட்டிலேயே பல வழக்கு முடிந்துவிடும்.

ஜன்னலை அழுத்தும்போது நின்றால்:

### மூடிய பெட்டி என்றால், காற்றுக் கசிவு

விரல்களை விரித்துக் கோனைச் சீராக உள்ளே அழுத்தி விடுங்கள். மெதுவாகத் திரும்பினால் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறது. உடனே துள்ளித் திரும்பினால் எங்கோ கசிவு. எங்கே என்று கண்டுபிடிக்க 30 அல்லது 40 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த ஒலியில் ஓட விட்டு, மெல்லிய டிஷ்யூக் கீற்றை ஜன்னலின் ஓரமாக நகர்த்துங்கள். கசியும் இடத்தில் கீற்று படபடக்கும்.

ஸ்க்ரூக்களுக்கு இடையே 15 செ.மீ.க்கு மேல் இருந்தால் நடுவில் கேஸ்கட் (ஜன்னலுக்கும் பெட்டிக்கும் நடுவே காற்றை அடைக்கும் பட்டை) அழுந்தியிருக்காது. இன்னும் முடுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், மேலே சொன்ன நட்சத்திர விரிசல்தான் மிஞ்சும். ஸ்க்ரூவைக் கூட்டுங்கள். காற்றுப் புகாத மூடிய துளை (குளோஸ்டு செல்) ஃபோம் கேஸ்கட் டேப்பைச் சுற்றிலும் ஒரே துண்டாக ஒட்டி, எதிரெதிர் ஸ்க்ரூவாக மாற்றி மாற்றி முடுக்குங்கள். சிலிக்கான்தான் போடுவேன் என்றால் வினிகர் வாடை வராத நியூட்ரல் வகையை வாங்குங்கள். வாடை வரும் வகை செம்பு வயர் முனைகளை அரிக்கும்.

### கசிவில்லை, ஆனாலும் அதிர்கிறது என்றால்

ஷீட்டின் கனம் போதவில்லை. சப்வூஃபர் பெட்டி ஜன்னலுக்கு 12 மி.மீ.க்குக் கீழே நான் போவதில்லை. ஒரு பக்கம் 30 செ.மீ.க்கு மேல் போனால் 18 மி.மீ. அதைவிடப் பெரிய ஜன்னல் கேட்டால், நடுவில் ஒரு தாங்கு கம்பி வைக்கச் சம்மதம் வாங்கிக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். ஜன்னலின் பின்பக்கம் ஸ்பீக்கர் வயர் உரசுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். டார்ச் அடித்தால் ஜன்னல் வழியாகவே தெரியும், இந்த ஒரு விஷயத்தில் அக்ரிலிக் நமக்கு உதவுகிறது.

ஜன்னலின் உள்மூலை கூர்மையான செங்கோணமாக வெட்டப்பட்டு அங்கே கீற்று தெரிந்தால் பாட்டை நிறுத்துங்கள். அழுத்தம் முழுக்க அந்த மூலையில்தான் சேரும், அது பெரிதாகிப் பெட்டி உடையலாம். புதிதாக வெட்டும்போது மூலையை 10 மி.மீ. ஆரத்துக்காவது வளைத்துவிடுங்கள்.

## எழுத்து சரியாக ஒளிரவில்லை

ஷீட்டின் ஓரத்தில் வைத்த எல்இடி ஸ்ட்ரிப்பின் பக்கம் பிரகாசம், தள்ளிப் போகப் போக மங்கல்: இது இயல்பு. எதிர்ப் பக்கத்திலும் ஒரு ஸ்ட்ரிப் வையுங்கள். முடியாவிட்டால் தூரத்தில் உள்ள எழுத்துகளை இன்னும் ஆழமாகவோ நெருக்கமாகவோ பொறிக்கச் சொல்லுங்கள்.

ஓரத்தில் எல்இடி ஒவ்வொன்றும் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால், பேனலின் முதல் 2 அல்லது 3 செ.மீ.யை ஃபிரேமுக்குள் மறைத்துவிடுங்கள். அல்லது இடைவெளியே தெரியாத சிஓபி வகை ஸ்ட்ரிப்புக்கு மாறுங்கள்.

பேனல் முழுக்கவே மங்கல் என்றால் பின்புறத்தைப் பாருங்கள். கறுப்புப் பெயின்டையோ ஸ்டிக்கரையோ நேரடியாக ஷீட்டில் பூசியிருந்தால் ஒளி அங்கேயே செத்துப்போகும். ஷீட்டுக்கும் பின்னால் உள்ள கறுப்புத் தகட்டுக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி கட்டாயம். எழுத்தில்லாத இடம் ஒளிர்ந்தால் கீறல், கைரேகை அல்லது டேப் பசையின் மிச்சம்.

ஸ்ட்ரிப் அடிக்கடி எரிந்து போகிறதா? 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் எஞ்சின் ஓடும்போது கார் மின்சாரம் 14 வோல்ட்டுக்கு மேல் போகும். நடுவில் ஒரு 12 வோல்ட் ரெகுலேட்டர் வைத்தால் தீர்ந்தது.

லைட் போட்டதும் ஸ்பீக்கரில் 'ங்ங்' என்று மெல்லிய இரைச்சல் வந்தால் எஞ்சினை ரைஸ் செய்து பாருங்கள். இரைச்சலின் சுருதி எஞ்சினோடு ஏறினால் ஆல்டர்னேட்டர், அது கிரவுண்ட் பிரச்சினை. ஏறாமல் ஒரே சுருதியில் நின்று, லைட்டின் ஃபியூஸை எடுத்ததும் மறைந்தால், லைட்டின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்தான். டிம்மரையும் அதன் வயரையும், ஆம்ப்புக்கு ஒலி சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளிலிருந்து தள்ளி வைத்து, கிரவுண்டைத் தனியாகக் கொடுங்கள். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனாலோ வயர் தொடமுடியாமல் சுட்டாலோ, பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## பேனல் உப்பியோ தொங்கியோ விட்டது

நடுவில் உப்பியிருந்தால் நீள இடமில்லை. துளைகளைப் பெரிதாக்கும் கதையை மேலே பாருங்கள். ஆம்ப்புக்கு நேர் மேலே மட்டும் உப்பியிருந்தால் ஆம்ப்பின் சூடு. அக்ரிலிக் ஏறக்குறைய 80 டிகிரி வரைதான் நிம்மதியாக இருக்கும், 100 டிகிரியை நெருங்கினால் இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் காரின் சூடும் ஆம்ப்பின் சூடும் சேர்ந்தால் அந்த எல்லை வெகு தூரமில்லை. மூடியை 3 செ.மீ.யாவது மேலே தூக்கி, இரண்டு பக்கமும் காற்று வழி விடுங்கள். ஒரு சின்ன ஃபேன் இருந்தால் நல்லது.

ஆம்ப்பே அக்ரிலிக்மேல் உட்கார்ந்து அது தொங்கியிருந்தால், வடிவமைப்பே தவறு. அக்ரிலிக் தோலாக இருக்கட்டும், எலும்பு பிளைவுட்டாகவோ எம்டிஎஃப்பாகவோ இருக்கட்டும். ஆம்ப்பை மரத்தில் முடுக்கி, அக்ரிலிக்கை மேலே போர்த்துங்கள்.

டேஷ்போர்டு, தூண்கள், சீட்டின் பக்கவாட்டு, எங்கெல்லாம் ஏர்பேக் என்ற முத்திரை இருக்கிறதோ அங்கே இந்த வேலையே வேண்டாம். ஏர்பேக் விரியும்போது அந்தப் பேனல் கூரான துண்டுகளாகப் பறக்கும். அங்கே ஏற்கெனவே யாரோ பொருத்தியிருந்தால், கழற்றுவதற்கும் ஏர்பேக் தெரிந்த மெக்கானிக்கிடம் போங்கள்.

## வெட்டும்போதே உருகி ஒட்டிக்கொள்கிறது

ரூட்டரை மெதுவாக நகர்த்துகிறீர்கள், அதுதான் முதல் காரணம். பிட் ஒரே இடத்தில் சுழன்று சூடேற்றுகிறது. வேகமாக நகர்த்துங்கள், சுழற்சியைக் குறையுங்கள். அப்படியும் உருகினால் ஒற்றைப் பல் உள்ள பிளாஸ்டிக் பிட் வாங்குங்கள். மரத்துக்கான பழைய பிட் மழுங்கியிருக்கும்.

அதன் பிறகும் உருகினால்தான் ஷீட்டைச் சந்தேகிக்க வேண்டும். அக்ரிலிக்கில் காஸ்ட், எக்ஸ்ட்ரூடட் என்று இரண்டு வகை. காஸ்ட் ஷீட் உதிரியான சீவலாக வரும். எக்ஸ்ட்ரூடட் ஷீட் பிசுபிசுவென்று பிட்டில் சுற்றும், விலையும் குறைவு. லேசரில் பொறித்தால் காஸ்ட் வெண்மையாக எழுத்துக் காட்டும், எக்ஸ்ட்ரூடட்டில் எழுத்து தெளிவில்லாமல் கண்ணாடி நிறத்திலேயே இருக்கும். ஒளிரும் பேனல் செய்பவர்கள் வாங்கும்போதே காஸ்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

## கீறல், மங்கல்

நகம் மாட்டாத கீறல் பிளாஸ்டிக் பாலிஷிலேயே போகும். நகம் மாட்டினால் 600, 800, 1000, 1500 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு வரிசையாகத் தேய்த்து, பிறகு பஃபிங். ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றித் தேய்த்தால், முந்தைய நம்பரின் கோடு போய்விட்டதா என்று பார்க்க எளிது. பஃபிங் சக்கரத்தை ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே உருகிக் குழி விழும். கீறல் ஆழமாக இருந்து, அந்த இடத்தை மட்டும் தேய்த்தால், பின்னால் உள்ள சப்வூஃபர் அலையலையாகத் தெரியும். ஜன்னல் துண்டுக்கு அது ஆகாது, அளவெடுத்துப் புதுசாக வெட்டிவிடுங்கள்.